நின்றுபோன வளையங்கள்

கைப்பிடிக்குள் அடங்கும் தடிமன், நெஞ்சளவு உயரம், பாலேட்டின் நிறம். அந்தத் தடியின் உடலில் மேலிருந்து கீழ்வரை சாய்சதுரக் குழிகள் சுற்றிச் சுற்றி இறங்குகின்றன. ஒவ்வொரு குழியின் தரையும் செம்பழுப்பு. தரையிலிருந்து விளிம்புக்கு ஏறும் சரிவில் மெல்லிய படிகள் தெரிகின்றன. முதல்முறை பார்ப்பவர்கள், யாரோ உளியால் செதுக்கிச் சாயம் தீட்டியிருக்கிறார்கள் என்றுதான் எண்ணுவார்கள். சாயம் ஒரு சொட்டும் கிடையாது. வடிவத்தையும் யாரும் வரையவில்லை. அலாஸ்காவிலும் கனடாவிலும் இதை டைமண்ட் வில்லோ என்கிறார்கள். கைத்தடி செய்பவர் பட்டையை உரிக்கிறார், குழிக்குள் ஒட்டியிருப்பதைச் சுரண்டி எடுக்கிறார், தேய்க்கிறார், எண்ணெய் பூசுகிறார். வடிவ வேலையை ஒரு மரமும் ஒரு பூஞ்சையும் பல ஆண்டுகள் எடுத்துக்கொண்டு முன்பே முடித்துவிட்டன.

அந்த வேலை எப்படி நடந்தது என்று தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் கையில் கிடைக்கும் தடி வேறுவேறு. எங்கே வெட்டலாம், எவ்வளவு ஆழம் சுரண்டலாம், எந்த இடம் ஒடியும், எந்த நிறம் நிலைக்கும் என எல்லாவற்றுக்கும் விடை அந்தக் குழியின் வரலாற்றில்தான் இருக்கிறது. ஆகவே மரத்திலிருந்து தொடங்குவோம்.

டைமண்ட் வில்லோ என்று தனியாக ஒரு மர இனம் கிடையாது. சாலிக்ஸ் என்ற பேரினத்தில் உலகெங்கும் ஏறக்குறைய 400 வில்லோ இனங்கள் உள்ளன; பெரும்பாலானவை வட அரைக்கோளத்தின் குளிர்நிலங்களில் வாழ்பவை. நமக்குப் பழக்கமான வில்லோ கிரிக்கெட் மட்டையில் இருக்கிறது. நம் மலைகளிலும் ஒன்று உண்டு: மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளின் கரையில் வளரும் ஆற்றுப்பாலை இதே பேரினத்தைச் சேர்ந்தது. ஆனால் சாய்சதுரக் குழிகள் விழுவது வட அமெரிக்காவின் வடபாதியில் வளரும் சில இனங்களில்தான் அதிகம். அவற்றில் முதலிடம் பெப் வில்லோவுக்கு. இல்லினாய்ஸைச் சேர்ந்த மைக்கேல் ஷக் பெப் என்ற தாவரவியலாளர் வில்லோக்களைப் படிப்பதிலேயே வாழ்நாளைக் கழித்தவர். அவர் நினைவாக இந்த மரத்துக்கு 1895இல் சாலிக்ஸ் பெப்பியானா என்று பெயரிட்டவர், ஹார்வர்டின் ஆர்னல்ட் மரப்பூங்காவை உருவாக்கிய சார்ல்ஸ் ஸ்ப்ரேக் சார்ஜென்ட். நியூஃபவுண்ட்லாந்து தொடங்கி அலாஸ்கா வரை கண்டத்தின் குறுக்கே இது பரவியிருக்கிறது. ஓடைக்கரையில் வளரும், காட்டுத்தீ எரித்துப்போன மேட்டு நிலத்திலும் முதலில் முளைப்பவற்றில் ஒன்று. பெரும்பாலும் புதர். ஒரே அடியிலிருந்து பல தண்டுகள் கிளம்பும். வாய்ப்புக் கிடைத்தால் 7, 8 மீட்டர் உயர மரமாகும்.

வில்லோ வெளிச்சம் தேடும் மரம். நெருக்கமான புதரில் ஒவ்வொரு தண்டும் மேலே மேலே போகிறது. கீழ்க்கிளைகளுக்கு வெயில் கிடைப்பதில்லை. வெயில் கிடைக்காத கிளை தன் செலவுக்கே சம்பாதிக்க முடியாமல் சாகிறது. செத்த கிளை காய்ந்து, தண்டோடு ஒட்டிய குச்சியாக நிற்கிறது. இந்தக் குச்சியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சாய்சதுரத்தின் நடுவிலும் பெரும்பாலும் அப்படி ஒரு செத்த கிளையின் அடி இருக்கும். காட்டில் டைமண்ட் வில்லோ தேடுபவர்கள் கண் வைப்பதும் அதன் மேல்தான்.

யேல் பல்கலைக்கழகத்தின் காட்டியல் அறிஞர் ஹெரல்ட் லுட்ஸ், அலாஸ்காவின் டைமண்ட் வில்லோக்களைப் பற்றித் தாம் கண்டவற்றை 1958இல் ஓர் இயற்கை ஆய்விதழில் வெளியிட்டார். கைவினைஞர்களின் ஆர்வத்துக்கு உரியதாக இருந்த இந்த மரம் அறிவியலின் மேசைக்கு வந்ததில் அவருடைய பங்கு பெரிது. இந்தக் குழிகளுக்குக் காரணமாக வழக்கமாகச் சொல்லப்படுவது சைட்டோஸ்போரா கிரைசோஸ்பெர்மா என்ற பூஞ்சை. பழைய நூல்களில் வால்சா சோர்டிடா என்ற பெயரில் இருக்கும். இரண்டும் ஒரே உயிரியின் இரண்டு வாழ்க்கை நிலைகளுக்குத் தனித்தனியே வைத்த பெயர்கள். பாப்லர், ஆஸ்பென் மரங்களிலும் இது பட்டைப்புண்களை உண்டாக்குகிறது.

இந்தப் பூஞ்சை வலிமையான எதிரி இல்லை. நலமாக வளரும் தண்டின் முழுமையான பட்டையை இதனால் உடைக்க முடியாது. நுழைய ஒரு வாசல் வேண்டும்; செத்த கிளையின் அடி அந்த வாசல். உள்ளே வந்தபின் பட்டையின் உட்பகுதியிலும், அதற்கு அடியில் இருக்கும் கேம்பியத்திலும் பரவிக் கொல்கிறது. மழைக்காலத்தில் செத்த பட்டையின் மேல் சிறு பொட்டுகள் எழும். அவற்றிலிருந்து ஆரஞ்சு நிறத்தில் சுருண்ட நூலாகப் பூஞ்சையின் வித்துகள் கசியும். மழைத்துளி அவற்றைத் தெறிக்கச் செய்கிறது. பூச்சிகளும் பறவைகளும் எடுத்துப் போகின்றன. அடுத்த செத்த கிளை காத்திருக்கிறது.

கேம்பியம் செத்தால் என்ன ஆகும் என்பதில்தான் முழுக் கதையும் இருக்கிறது. மரம் பருப்பது கேம்பியத்தால். பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே, கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெல்லிய அந்த உயிர்ப்படலம் ஒவ்வொரு கோடையிலும் உள்பக்கம் ஒரு கட்டை வளையத்தைச் சேர்க்கிறது. ஓரிடத்தில் கேம்பியம் செத்துவிட்டால் அந்த இடத்தில் மட்டும் வளையம் சேராது. சுற்றிலும் தண்டு பருத்துக்கொண்டே போகும். செத்த இடம் அந்த ஆண்டின் மட்டத்திலேயே நின்றுவிடும். பத்தாண்டு கழித்துப் பார்த்தால் அது பள்ளம். பூஞ்சை எதையும் குடைந்து எடுத்ததால் வந்த பள்ளம் என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அங்கிருந்து எதுவும் எடுக்கப்படவில்லை. அங்கே மட்டும் எதுவும் சேரவில்லை.

இதிலிருந்து ஓர் அருமையான முடிவு கிடைக்கிறது. குழியின் தரை என்பது, பூஞ்சை வந்த ஆண்டில் அந்தத் தண்டின் மேற்பரப்பு. குழியின் ஆழம், அதற்குப்பின் தண்டு எவ்வளவு பருத்தது என்ற அளவு. சரிவில் தெரியும் படிகள் ஒவ்வொன்றும் ஓர் ஆண்டு. பூஞ்சை ஆண்டுதோறும் கொஞ்சம் முன்னேறியிருக்கிறது. ஒவ்வொரு ஆண்டின் வளையமும் முந்தைய வளையத்தைவிடச் சற்றுத் தள்ளியே முடிந்திருக்கிறது. ஒரே தடியில் ஆழமான குழியும் ஆழமில்லாத குழியும் இருந்தால், ஆழமானதே மூத்தது. படிகளை எண்ணத் தெரிந்தவர் எந்தக் கிளை எப்போது செத்தது என்று வரிசையாகச் சொல்லிவிடலாம். வழக்கமாக மர வளையங்களைப் படிக்க மரத்தைக் குறுக்கே அறுக்க வேண்டும். இந்தத் தடியில் வளையங்கள் பக்கவாட்டில் திறந்து கிடக்கின்றன.

வடிவம் ஏன் வட்டமாக இல்லாமல் நெடிய சாய்சதுரமாக இருக்கிறது? மரத்தின் அமைப்பே காரணம். தண்டில் நீர் செல்லும் குழாய்களும் நார்களும் மேலிருந்து கீழாக ஓடுகின்றன. நீளவாக்கில் போவது எளிது, சுற்றளவுத் திசையில் போவது கடினம். அமெரிக்க வனத்துறையின் அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை நீளவாக்கில் அறுத்துப் பார்த்தவர். காயம்பட்ட மரம் என்ன செய்கிறது என்பதற்கு அவர் 1970களில் ஒரு விளக்கம் கொடுத்தார். விலங்குகளின் உடல் கெட்ட திசுவை நீக்கிப் புதுத் திசு வைக்கிறது. மரத்தால் அது முடியாது. மரம் கெட்ட இடத்தைச் சுவர் எழுப்பி அடைத்துவிட்டு, வெளியே புதுக் கட்டையை வளர்த்துக்கொண்டு போய்விடுகிறது. ஷைகோ 4 சுவர்களைச் சொன்னார். மேலும் கீழும் பரவாமல் தடுக்கும் முதல் சுவர் எல்லாவற்றிலும் பலவீனமானது. உள்நோக்கிய பரவலைத் தடுக்கும் இரண்டாவது சற்று வலிமை. பக்கவாட்டில் தடுக்கும் மூன்றாவது இன்னும் வலிமை. காயத்துக்குப் பின் கேம்பியம் புதிதாக எழுப்பும் நான்காவது சுவர் பெரும்பாலும் உடையவே உடையாது.

இந்த வரிசையை வில்லோவின் குழியோடு பொருத்திப் பாருங்கள். மேலும் கீழும் தடை குறைவு, ஆகவே புண் நீள்கிறது. பக்கங்களில் தடை அதிகம், ஆகவே அகலம் அடங்குகிறது. இரு பக்கத்துக் கட்டையும் ஆண்டுக்கு ஆண்டு உள்நோக்கிப் புரண்டு வளர்ந்து மூட முயல்கிறது. நீளத்தின் இரு முனைகளிலும் அந்தப் பக்கங்கள் ஒன்றையொன்று நெருங்கிக் கூராகின்றன. கிளையின் அடி இருந்த நடுவில் அகலம், மேலும் கீழும் கூர்மை. பூஞ்சை கேட்ட வடிவமும் இல்லை, மரம் கேட்ட வடிவமும் இல்லை. இரண்டின் வலிமையும் மோதி நின்ற எல்லைக்கோடு அது. வில்லோவின் இலைகள் தண்டைச் சுற்றித் திருகலாக அமைபவை. கிளைகள் இலைக்கக்கத்தில் பிறப்பவை. ஆகவே குழிகளும் தடியைச் சுற்றித் திருகலாக விழுகின்றன. கைவினைஞர்கள் மிகவும் விரும்பும் அந்தச் சுழலுக்கு விதை இலைகளின் ஒழுங்கில் இருக்கிறது.

நிறத்துக்கு வருவோம். தண்டின் வெளிவளையங்கள் நீர் கடத்துபவை. அவற்றில் உயிருள்ள செல்களும் உண்டு. தச்சர்கள் இதை வெளிறு என்பார்கள். வில்லோவில் இது ஏறக்குறைய வெள்ளை. உள்ளே இருக்கும் சேகு நீர் கடத்துவதை நிறுத்திய பகுதி. அதன் செல்கள் சாகும்போது பீனால் சேர்மங்கள் தேங்கி, காற்றோடு வினைபுரிந்து செம்பழுப்பாகின்றன. குழியின் அடியில் கேம்பியம் செத்துவிட்டதால் அங்கிருந்த வெளிறும் வேலையிழந்து, உரிய காலத்துக்கு முன்பே நிறம் மாறிவிடுகிறது. விளிம்பில் அதற்குப்பின் வந்த ஆண்டுகளின் வெளிறு வெள்ளையாக நிற்கிறது. சிவப்பு பழைய காலம், வெள்ளை புதுக் காலம். இந்தத் தடியை அழகாக்குவது இவை இரண்டும் அருகருகே வருவதுதான்.

இந்த அளவுக்குப் புண்பட்ட மரம் தாங்குமா என்ற ஐயம் வருவது இயல்பு. நல்ல செய்தி இதுதான்: சைட்டோஸ்போரா முக்கியமாகப் பட்டையையும் கேம்பியத்தையும் தின்பது. மரக்கட்டையின் செல்லுலோசையும் லிக்னினையும் கரைத்து உளுக்க வைக்கும் பூஞ்சைகள் வேறு வகை. அவை வந்து சேராதவரை குழியின் தரை கெட்டியான கட்டையாகவே இருக்கும். நகத்தால் அழுத்திப் பாருங்கள். பதியாவிட்டால் நல்ல கட்டை. பஞ்சாக அமுங்கினால் பின்னால் வந்த வேறொரு பூஞ்சையின் வேலை. அந்தத் தண்டை விட்டுவிட வேண்டும்.

வில்லோவில் வாழும் இன்னொரு பூஞ்சையைப் பற்றியும் சொல்லத் தோன்றுகிறது. ஹாப்லோபோரஸ் ஓடோரஸ் என்பது அதன் பெயர். தண்டின் மேல் குளம்பு வடிவில் வளரும். சோம்பின் மணம் கொண்டது. வட அமெரிக்கச் சமவெளியின் பூர்வகுடிகள் இதைப் புனிதமாகக் கருதி, மாலையாகக் கோத்தும் சடங்கு ஆடைகளில் தைத்தும் வைத்திருந்தார்கள். அருங்காட்சியகங்களில் இருந்த அந்த ஆடைகளின் உருண்டைகள் இந்தப் பூஞ்சைதான் என்று மினசோட்டா பல்கலைக்கழகத்தின் ராபர்ட் பிளான்செட் 1997இல் எழுதினார். குழிகளை உண்டாக்கும் பூஞ்சைக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஆனால் ஒரே புதரில் இரண்டு பூஞ்சைகள், இரண்டையும் மனிதர் எடுத்துப் போற்றிய இரண்டு விதம் என்பது என்னை ஒவ்வொரு முறையும் நிறுத்தி யோசிக்க வைக்கிறது.

இனி கைவேலை. காட்டில் டைமண்ட் வில்லோ தன்னைக் காட்டிக்கொள்ளாது. சாம்பல் நிறப் பட்டை எல்லாவற்றையும் மூடியிருக்கும். தண்டின் மேல் கையை ஓட்டினால் செத்த குச்சியைச் சுற்றிப் பள்ளம் தட்டுப்படும். சிறு கத்தியால் ஓரத்தில் கொஞ்சம் சீவிப் பார்ப்பதுண்டு. நான் அதை ஆதரிப்பதில்லை. வெட்டப்போவதில்லை என்று முடிவானால் அந்தச் சீவல் பூஞ்சைக்குத் திறந்துவிட்ட இன்னொரு வாசல். வெட்டுவதானால் நிலத்துக்குரியவரிடம் அனுமதி பெற்று, ரம்பத்தால் தரையை ஒட்டி நேராக அறுக்க வேண்டும். பெப் வில்லோ அடிக்கட்டையிலிருந்து தாராளமாகத் துளிர்க்கும். அந்தத் துளிர்கள் குளிர்காலத்தில் மூஸ் மானின் உணவு. ஒரு தண்டை எடுப்பதால் புதர் சாகாது. குழி இருக்கிறதா என்றுகூடப் பார்க்காமல் புதரையே வெட்டிச் சாய்த்துவிட்டு, ஒன்றிரண்டை மட்டும் எடுத்துப் போவது பெரிய பாவம்.

பட்டை எளிதில் உரிவது முன்கோடையில், கேம்பியம் முழுவீச்சில் வேலை செய்யும்போது. அப்போது அதன் செல்கள் மென்மையாக இருக்கும். முனையைக் கிளப்பிவிட்டுக் கையால் இழுத்தாலே பட்டை நீளமாக வந்துவிடும். குளிர்காலத்தில் வெட்டியதானால் சீவித்தான் எடுக்க வேண்டும். அவசரப்பட்டு உரித்துவிட்டால் அடுத்த சிக்கல், வெடிப்பு.

கட்டை ஏன் வெடிக்கிறது என்பது தச்சு வேலை செய்யும் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டிய இயற்பியல். பச்சை மரத்தில் நீர் இரண்டு இடங்களில் இருக்கிறது: செல்லின் உள்வெற்றிடத்திலும், செல்லின் சுவருக்குள்ளும். உள்ளே இருக்கும் நீர் முதலில் போகிறது. அது போகும்வரை கட்டை சுருங்காது. உலர் எடையில் ஏறக்குறைய 30 சதவீதம் என்ற அளவுக்கு ஈரம் இறங்கியபின் சுவரிலிருந்து நீர் விலகத் தொடங்கும். சுருக்கமும் அங்கேதான் தொடங்கும். அந்தச் சுருக்கம் எல்லாத் திசையிலும் ஒன்றாக இருப்பதில்லை. நீளவாக்கில் அநேகமாக இல்லை. மையத்திலிருந்து வெளிநோக்கிய திசையில் சில சதவீதம். சுற்றளவுத் திசையில் அதைப்போல் ஏறக்குறைய இருமடங்கு. உருண்டையான தண்டில் சுற்றளவு குறைய விரும்புகிறது, ஆரம் அந்த அளவுக்கு விட்டுக்கொடுப்பதில்லை. இழுவை தாங்காமல் மேற்பரப்பு மையத்தை நோக்கிப் பிளக்கிறது. வெளிப்புறம் வேகமாகவும் உட்புறம் மெதுவாகவும் காய்ந்தால் பிளவு இன்னும் பெரிதாகும்.

ஆகவே பட்டையோடேயே வைத்து, இரு முனைகளிலும் மெழுகோ பெயின்டோ அடர்த்தியாகப் பூசி, வெயில் படாத காற்றோட்டமான இடத்தில் படுக்கவைக்கிறார்கள். முனையில் நீர்க்குழாய்களின் வாய்கள் நேராகத் திறந்திருப்பதால் ஈரம் அங்கேதான் மிக வேகமாக வெளியேறும், பூச்சு அதற்காக. ஓர் அங்குலத் தடிமனுக்கு ஓராண்டு என்பது மர வேலைக்காரர்களின் பழைய கணக்கு. சிலர் பச்சையிலேயே உரித்துக் குழிகளையும் சுரண்டிவிடுவார்கள், ஈரக்கட்டையில் கத்தி இலகுவாக ஓடும் என்பதால். வேலை எளிது, வெடிக்கும் வாய்ப்பு அதிகம். எனக்கு அந்தப் பேரத்தில் உடன்பாடில்லை. பல ஆண்டுகள் வளர்ந்த வடிவத்துக்கு இன்னும் ஓராண்டு காத்திருக்கலாம்.

காய்ந்த தண்டைப் பிடிப்பில் இறுக்கி, இரண்டு கைப்பிடி வைத்த இழுப்புக்கத்தியால் மேட்டுப் பகுதியின் பட்டையைச் சீவுவது முதல் வேலை. இங்கே கைக்கட்டுப்பாடு தேவை. பட்டையும் அதன் உள்தோலும் போக வேண்டும், வெளிறு போகக்கூடாது. வெளிறு பல தண்டுகளில் மிக மெல்லியது. ஒரே இழுப்பில் கத்தி ஆழமாகப் போய்விட்டால் வெள்ளைப் பகுதி அறுபட்டுச் சேகு வெளியே தெரிந்துவிடும். தடி முழுவதும் சிவப்பானால் வடிவம் தெரிய எதிர்நிறம் இராது.

குழிகள் வேறு வேலை. அங்கே செத்துப்போன பட்டை கட்டையோடு இறுகிக் கறுத்துப் போயிருக்கும். வளைந்த முனையுள்ள சிறு கத்தியால், நாரின் திசையோடு, நடுவிலிருந்து கூர்முனையை நோக்கிச் சுரண்ட வேண்டும். கறுப்பு போய்ப் பழுப்பு தெரியும் இடம்தான் அந்தப் பழைய மேற்பரப்பு. அங்கே நிறுத்தினால் தரை இயல்பான வழுவழுப்போடு இருக்கும். சரிவின் படிகளை விட்டுவைப்பதா, தேய்த்துச் சமமாக்குவதா என்பதில் கைவினைஞர்கள் இரண்டு கட்சி. தேய்த்தால் வெள்ளைக்கும் சிவப்புக்கும் நடுவே கூரிய கோடு கிடைக்கும். கடையில் அது விரைவில் விலைபோகும். விட்டால் ஆண்டுகள் தெரியும். படிகளை அழிக்க எனக்கு மனம் வராது. நடுவில் நிற்கும் செத்த கிளையின் அடியையும் தண்டோடு மழித்துவிடாமல் சிறு மொட்டாக உருட்டி விடுவது நல்லது. குழியின் காரணமே அதுதானே.

உப்புத்தாள் முரட்டிலிருந்து மென்மைக்குப் படிப்படியாகப் போக வேண்டும்: 80இல் தொடங்கி 120, 180, 220. ஒரு படியைத் தாண்டினால் முந்தைய தாளின் கீறல் எண்ணெய் பூசியபின் பளிச்சென்று தெரியும். முகமூடி இல்லாமல் தேய்க்கக் கூடாது. மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பட்டியலில் 1995இல் சேர்த்தது உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை. செத்த பட்டையின் தூளில் பூஞ்சை வித்துகளும் கலந்திருக்கும்.

பூச்சுக்கு லின்சீட் எண்ணெய், டங் எண்ணெய், பாலியூரித்தேன் வார்னிஷ் என மூன்றும் பழக்கத்தில் உண்டு. சாயம் வேண்டியதில்லை. எண்ணெய் பட்டதும் சேகு ஆழ்ந்த செம்மை பெறும். வெளிறு சற்று மஞ்சளாகும். லின்சீட் எண்ணெய் காய்வது நீர் காய்வதுபோல் ஆவியாகி அல்ல. காற்றின் ஆக்சிஜனோடு வினைபுரிந்து, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து கெட்டியாகிறது. அந்த வினை வெப்பத்தை வெளியிடும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் வெப்பம் வெளியேற வழியில்லாமல் ஏறி ஏறித் துணி தானாகவே தீப்பற்றும். பட்டறைகள் இப்படி எரிந்திருக்கின்றன. துணியை விரித்துத் தனித்தனியே உலர்த்துங்கள், அல்லது நீரில் முக்கி மூடியுள்ள தகரப் பாத்திரத்தில் போடுங்கள்.

அழகு முடிந்தது. இனி இதன் மேல் ஒரு மனிதர் தம் எடையைச் சாய்க்கப் போகிறார். உருண்டைத் தடி வளையாமல் எதிர்க்கும் திறன் விட்டத்தின் நான்காம் அடுக்கோடும், ஒடியாமல் தாங்கும் திறன் மூன்றாம் அடுக்கோடும் மாறும். 25 மில்லிமீட்டர் விட்டம் 20 ஆகக் குறைந்தால் விறைப்பு ஐந்தில் இரண்டு பங்காகவும், வலிமை பாதியாகவும் இறங்கிவிடும். குழி உள்ள தடியில் கணக்குக்கு எடுக்க வேண்டியது மேட்டின் விட்டத்தை அல்ல, மிக மெலிந்த இடத்தை. ஒரு பக்கம் மட்டும் குழி இருந்தால் எதிர்ப்பக்கம் தாங்கிக்கொள்ளும். ஒரே உயரத்தில் இரண்டு குழிகள் எதிரெதிரே இருந்தால் நடுவில் எஞ்சுவது மெல்லிய கட்டைத் துண்டு. கண்ணுக்கு மிக அழகான அந்த இடம்தான் முதலில் ஒடியும். அப்படிப்பட்ட தண்டை விளக்குத் தண்டாகவோ அலங்காரமாகவோ ஆக்கலாம். முதியவர் ஒருவரின் கையில் கொடுக்கக் கூடாது.

கைத்தடி எந்தக் கையில் இருக்க வேண்டும் என்று கேட்டால் பெரும்பாலோர் வலியுள்ள காலின் பக்கம் என்பார்கள். இடுப்பு மூட்டு வலிக்கு அது தவறு. ஒற்றைக் காலில் நிற்கும் கணத்தில் உடல் ஒரு சீசா பலகை. நிற்கும் காலின் இடுப்பு மூட்டு அதன் தாங்கு புள்ளி. 60 கிலோ எடையுள்ளவர் வலக்காலில் நிற்கிறார் என்றால், அந்தக் காலைத் தவிர்த்த 50 கிலோ, மூட்டிலிருந்து ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் உள்ளே தொங்குகிறது. இடுப்பு இடப்பக்கம் சரியாமல் இழுத்துப் பிடிக்கும் தசை மூட்டிலிருந்து 5 சென்டிமீட்டர்தான் வெளியே இருக்கிறது. பாதித் தொலைவு, ஆகவே இருமடங்கு விசை: 100 கிலோ. மூட்டு இரண்டையும் சேர்த்து 150 கிலோவைத் தாங்குகிறது. இப்போது இடக்கையில் தடி. அது மூட்டிலிருந்து 45 சென்டிமீட்டர் தள்ளி ஊன்றுகிறது. 5 கிலோ மட்டும் ஊன்றினாலும், நெடுந்தொலைவின் பலத்தால் தசை இழுக்க வேண்டியது 55 கிலோவாகக் குறைகிறது; மூட்டின் சுமை 100 ஆகிறது. இது நின்ற நிலைக்கான எளிய கணக்கு. உண்மையான நடையில் இவ்வளவு பெரிய குறைவு கிடைப்பதில்லை. ஆனால் திசை இதுதான். எலும்பு மருத்துவர் வால்டர் பிளவுண்ட் 1956இல், கைத்தடியைத் தூக்கி எறியாதீர்கள் என்ற பொருளில் தலைப்பிட்டு, இதே கணக்கை வைத்துத் தம் சக மருத்துவர்களிடம் வாதாடினார். தடியைத் தளர்ச்சியின் அடையாளமாகப் பார்த்து வெட்கப்படுபவர்கள் இன்றும் உண்டு. மூட்டின் சுமையை இவ்வளவு எளிதாகக் குறைக்கும் கருவி வேறொன்று எனக்குத் தெரியாது. அது அழகாகவும் இருந்தால் வெட்கமும் குறையும். டைமண்ட் வில்லோவின் உண்மையான மருத்துவப் பயன் இங்கே இருப்பதாக நான் நம்புகிறேன்.

ஆகவே நீளத்தை ஆள் பார்த்தே அறுக்க வேண்டும். நடப்பதற்கு அணியும் செருப்போடு அவர் நிமிர்ந்து நிற்க, கையைத் தளர்வாகத் தொங்கவிட, மணிக்கட்டின் மடிப்புக்கு நேராக மேல்முனை வரவேண்டும். பிடித்து ஊன்றும்போது முழங்கை 20 பாகை அளவு மடிந்திருக்கும். தடி அதைவிட நீண்டால் தோள் தூக்கிக்கொள்ளும். குறைந்தால் முதுகு வளையும். மலைநடைக்கான நெடுந்தடிக்கு இந்த விதி இல்லை. இறக்கத்தில் முன்னால் தாழ்ந்த இடத்தில் ஊன்ற வேண்டியிருப்பதால் முழங்கையிலிருந்து அக்குள் வரை எந்த உயரமும் சரி. ஆனால் நீளம் கூடினால் வளைவும் கூடும்; அதற்கேற்பத் தடித்த தண்டாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். எடை முழுவதையும் தாங்கும் தடியானால் உருண்டை முனை போதாது. உள்ளங்கை முழுவதும் பரவி அமரும் குறுக்குப்பிடி ஒன்றைத் துளையிட்டு, முளை அடித்து, பசை போட்டுப் பொருத்த வேண்டும்.

அளவைக் குறிக்கும்போது, தடியின் அடியில் மாட்டும் ரப்பர் பூணின் உயரத்தைக் கழித்துக்கொண்டு அறுங்கள். மேலே அறுக்காமல் அடியில் அறுங்கள், மேல்பக்கத்தின் குழிகள் கைக்கு அருகில் இருக்கட்டும். பூண் இறுக்கமாக ஏறும் அளவுக்கு அடியை அரத்தால் மட்டும் உருட்டினால் போதும். பனியில் நடப்பவர்கள் இரும்பு முள் வைத்த பூண் போடுவார்கள். அதே முள் வழுவழுப்பான தரையில் சறுக்கும். ரப்பரின் அடிவரிகள் தேய்ந்து மழுங்கியதும் பூணை மாற்றிவிட வேண்டும்.